பள்ளி மின்னஞ்சலில் பதர் நீக்குதல்

(மாவட்ட அளவிலான தகவல் தொழில்நுட்பப் பயிற்சியில் தொடக்க, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே கணினிப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்திருப்பது வேண்டாத மின்னஞ்சல்களைப் பற்றி. ஆங்கிலத்தில் ஸ்பேம் என்கிறோம். கணித்தமிழில் எரிதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "வந்தால் அழித்துவிட்டுப் போகிறோம், இதற்கு ஒரு பயிற்சியா?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். வீட்டில் ஒருவர் ஒரு கணக்கு வைத்திருக்கும் வரை அது சரிதான். பள்ளியின் நிலைமை வேறு.

ஒரு பள்ளியில் எத்தனை மின்னஞ்சல் கணக்குகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தலைமையாசிரியர் பெயரில் ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, தேர்வுப் பணிக்கென்று ஒன்று. அறிவியல் கண்காட்சிக்காக ஒருவர் ஒன்று தொடங்கியிருப்பார். சாரணர் இயக்கத்துக்கு இன்னொருவர் தொடங்கியிருப்பார். சொந்த இணையப் பெயர் வைத்திருக்கும் பள்ளிகளில் ஆசிரியருக்கு ஒன்று வீதம் முப்பது, நாற்பது கூட இருக்கும். இவை எதுவும் நம் பள்ளிக் கணினியில் இல்லை. எங்கோ ஒரு நிறுவனத்தின் வழங்கியில், வாடகைக்கோ இலவசமாகவோ குடியிருக்கின்றன. வீடு அவர்களுடையது, வாசலில் யாரை விடுவது என்று சொல்லும் உரிமை நமக்கும் உண்டு. அந்த உரிமையைப் பெரும்பாலும் நாம் பயன்படுத்துவதில்லை.

இரண்டு வகைத் தவறுகள்

வடிகட்டி எதுவானாலும் இரண்டு வகையில் தவறும். பதரை அரிசி என்று உள்ளே விடலாம். அரிசியைப் பதர் என்று வெளியே தள்ளலாம். முதல் தவறு நம் கண்ணுக்குத் தெரியும். "லாட்டரியில் வென்றுவிட்டீர்கள்" என்ற கடிதம் முகப்பிலேயே நிற்கும். இரண்டாவது தவறு தெரியாது. வராத கடிதத்தை யார் தேடுவார்கள்?

பள்ளியைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் பெரிய இழப்பு. தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு எழுதிய மாணவியின் வங்கி விவரத்தில் ஒரு பிழை இருக்கிறது, இந்தத் தேதிக்குள் திருத்தி அனுப்புங்கள் என்று ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எரிதப் பெட்டியில் விழுந்துவிட்டால் தேதி கடந்துவிடும். அந்தப் பிள்ளைக்கு நான்கு ஆண்டுகள் கிடைக்க வேண்டிய தொகை ஒரு சொடுக்கில் போய்விடும். ஒருவரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் ஒரு பிள்ளை இழந்துவிட்டது. ஆகவே, "எல்லாவற்றையும் கடுமையாகத் தடுத்துவிடு" என்று வடிகட்டியிடம் சொல்வது பள்ளிக்குப் பொருந்தாது. சல்லடையின் கண் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

வடிகட்டி எப்படி வேலை செய்கிறது?

1978 மே மாதம் 3ஆம் நாள், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி தூர்க், அன்றைய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். கேளாமல் மொத்தமாக அனுப்பப்பட்ட முதல் மின்னஞ்சல் என்று அதைத்தான் சொல்வார்கள். அஞ்சல் அட்டைக்குக் காசு உண்டு, மின்னஞ்சலுக்கு இல்லை. பத்துப் பேருக்கு அனுப்பினாலும் பத்து லட்சம் பேருக்கு அனுப்பினாலும் செலவு ஏறக்குறைய ஒன்றே. லட்சத்தில் ஒருவர் ஏமாந்தாலும் அனுப்பியவருக்கு லாபம். நோய் அங்கேதான் இருக்கிறது.

இதைத் தடுக்க வடிகட்டி மூன்று கேள்விகள் கேட்கிறது.

முதல் கேள்வி: எந்த வழங்கியிலிருந்து வருகிறாய்? எரிதம் அனுப்பும் வழங்கிகளின் பட்டியலை ஸ்பேம்ஹாஸ் போன்ற அமைப்புகள் தொடர்ந்து பராமரிக்கின்றன. பட்டியலில் பெயர் இருந்தால் வாசலிலேயே நிறுத்தம்.

இரண்டாவது கேள்வி: நீ சொல்லும் பெயர் உன்னுடையதுதானா? அஞ்சல் உறையின் பின்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? மின்னஞ்சலும் அப்படித்தான். அதைச் சரிபார்க்க மூன்று ஏற்பாடுகள் வந்தன. எஸ்.பி.எஃப். என்பது, 'எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப இந்த வழங்கிகளுக்கு மட்டுமே அனுமதி' என்ற அறிவிப்பு. டி.கே.ஐ.எம். என்பது கடிதத்தின் மேல் இடப்படும் மின்முத்திரை. வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை பொருந்தாது. டிமார்க் என்பது, 'இந்த இரண்டு சோதனையிலும் தேறாத கடிதம் எங்கள் பெயரில் வந்தால் இப்படிச் செய்யுங்கள்' என்று பெறுபவருக்கு நாம் தரும் அறிவுரை.

மூன்றாவது கேள்வி: உள்ளே என்ன எழுதியிருக்கிறாய்? இதற்கு மதிப்பெண் போடும் முறை உண்டு. அப்பாச்சி ஸ்பேம்அசாசின் என்ற கட்டற்ற மென்பொருள் பல வாடகை வழங்கிகளில் இருக்கிறது. சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு கூறுக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்துக் கூட்டும். கூட்டுத்தொகை 5 ஆனால் எரிதம் என்று குறித்துவிடும். நம் தேர்வில் 35 எடுத்தால் தேர்ச்சி. இங்கே 5 எடுத்தால் தோல்வி.

கணித ஆசிரியர்கள் ஒரு நிமிடம் கவனியுங்கள். உள்ளடக்கத்தைப் பார்த்து முடிவு செய்வதில் மேல்நிலை வகுப்பில் நீங்கள் நடத்தும் பேயீஸ் தேற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தாமஸ் பேயீஸ் எழுதிய கட்டுரை அவர் மறைந்தபின் 1763இல் வெளிவந்தது. 2002இல் பால் கிரகாம் என்ற நிரலாளர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, அந்தத் தேற்றத்தை மின்னஞ்சல் வடிகட்டலில் பயன்படுத்துவது பரவலாயிற்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கணக்கிற்கு 100 கடிதங்கள் வந்தன. 40 எரிதம், 60 நல்ல கடிதம். 'பரிசு' என்ற சொல் எரிதங்களில் 20இல் இருக்கிறது. நல்ல கடிதங்களில் 3இல்தான் இருக்கிறது. இப்போது 'பரிசு' என்ற சொல்லோடு ஒரு புதிய கடிதம் வருகிறது. அது எரிதமாக இருக்க வாய்ப்பு என்ன? 23இல் 20, அதாவது 87 விழுக்காடு. இதையே ஒரு பள்ளிக் கணக்கில் பாருங்கள். கட்டுரைப் போட்டிப் பரிசு, ஆண்டு விழாப் பரிசு, விளையாட்டுப் பரிசு என்று நல்ல கடிதங்களில் 15இல் அந்தச் சொல் இருக்கிறது. இப்போது வாய்ப்பு 35இல் 20, 57 விழுக்காடுதான். சொல் ஒன்றே; இடம் மாறியதும் பொருள் மாறிவிட்டது. எந்தக் கடிதம் நல்லது, எது கெட்டது என்று நாம் சொல்லிக் கொடுத்தால்தான் வடிகட்டி நம் பள்ளியைப் புரிந்துகொள்ளும். எரிதத்தைக் கண்டால் வெறுமனே அழித்துவிடாமல் 'எரிதம்' என்று குறியுங்கள். தவறிப்போன நல்ல கடிதத்தைக் கண்டால் 'எரிதம் அன்று' என்று குறியுங்கள் என்று சொல்வது இதனால்தான். அழிப்பதால் அது எதையும் கற்றுக்கொள்ளாது.

பல கணக்குகளுக்கும் சேர்த்து என்ன செய்வது?

முதல் வேலை கணினியில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. பள்ளியின் பெயரில் உள்ள எல்லா மின்னஞ்சல் கணக்குகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம்: யார் பொறுப்பு, எதற்காக, மீட்புக்கான கைப்பேசி எண் யாருடையது, வேறு எந்தக் கணக்கிற்கு முன்னனுப்பப்படுகிறது. மூன்றாவது விவரத்தைப் பார்க்கும்போது பல பள்ளிகள் திகைத்துப்போகும். பணி மாறுதலில் சென்றவர், ஓய்வு பெற்றவர் ஆகியோரின் எண்களே இன்னும் இருக்கும். கடவுச்சொல் மறந்தால் மீட்புக் குறியீடு அவர்களுக்குத்தான் போகும். பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவிகளையும் இருப்புப் பதிவேட்டையும் ஒப்படைப்பது போல மின்னஞ்சல் கணக்கையும் எழுதி ஒப்படைக்க வேண்டும். பயன்பாட்டில் இல்லாத கணக்குகளை, தேவையான கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, மூடிவிடுங்கள்.

இரண்டாவது, வடிகட்டியை எங்கே வைப்பது? நாற்பது வீட்டுக்கு நாற்பது காவலாளி வைப்பதை விட, தெருமுனையில் ஒருவரை நிறுத்துவது எளிது. சொந்த இணையப் பெயர் உள்ள பள்ளிகள் இதைச் செய்யலாம். கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365 ஆகியவற்றில் நிர்வாகிக்கென்று தனிப் பலகம் உண்டு. அங்கே ஒருமுறை அமைத்தால் எல்லாக் கணக்குகளுக்கும் பொருந்தும். சிபேனல் உள்ள வாடகை வழங்கி என்றால் அங்கே 'ஸ்பேம் ஃபில்டர்ஸ்' என்ற பகுதி இருக்கும். அதில் எரிதத்தைத் தனிப்பெட்டியில் போடும் வசதியை இயக்குங்கள். தானாக அழிக்கும் வசதியை மட்டும் இயக்காதீர்கள். மதிப்பெண் எல்லை 5ஆகவே தொடங்கட்டும். ஒரு மாதம் பார்த்துவிட்டு, ஒரு படி ஏற்றுவதா இறக்குவதா என்று முடிவு செய்யலாம். துறை வழங்கிய கணக்காக இருந்தால் அமைப்புகள் அவர்கள் கையில். நாம் செய்யக்கூடியது சரியாகக் குறிப்பதும், சிக்கல் என்றால் எழுதித் தெரிவிப்பதும்தான். தனித்தனி இலவசக் கணக்குகள்தான் என்றால், ஒரே விதிப் பட்டியலை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணக்கிலும் அதையே அமைக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.

மூன்றாவது, சொந்த இணையப் பெயர் இருந்தால் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகிய மூன்று பதிவுகளையும் செய்யச் சொல்லுங்கள். இணையதளம் அமைத்துக் கொடுத்தவரிடமே கேட்கலாம். இரண்டு எச்சரிக்கைகள். ஓர் இணையப் பெயருக்கு ஒரே ஒரு எஸ்.பி.எஃப். பதிவுதான் இருக்க வேண்டும்; இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகிவிடும். டிமார்க்கை எடுத்த எடுப்பில் 'நிராகரி' என்று வைக்க வேண்டாம். முதலில் 'கவனி' என்ற அளவில் வைத்து, நம் பெயரில் யார் யார் அனுப்புகிறார்கள் என்ற அறிக்கையைச் சில வாரங்கள் பாருங்கள். பிறகு 'ஒதுக்கி வை'. அதன் பிறகே 'நிராகரி'.

நான்காவது, முன்னனுப்புதல். எல்லாக் கணக்குகளையும் தலைமையாசிரியரின் ஒரே ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டால் வசதி என்று பலர் செய்கிறார்கள். இதில் இரண்டு சிக்கல்கள். நடுவில் ஒரு வழங்கி கைமாற்றுவதால் எஸ்.பி.எஃப். சோதனையில் நல்ல கடிதமும் தேறாமல் போகலாம். அடுத்தது, ஜிமெயிலிலிருந்து தானாக முன்னனுப்பும்போது எரிதப் பெட்டியில் விழுந்தவை முன்னனுப்பப்படுவதில்லை. தவறாக விழுந்த நல்ல கடிதம் அங்கேயே கிடக்கும். நீங்கள் பார்க்கும் பெட்டிக்கு அது வரவே வராது. அலுவலகக் கணினியில் பாப் முறையில் கடிதங்களை இறக்கிப் படிப்பவர்களுக்கும் இதே நிலை. அந்த முறை வரவுப் பெட்டியை மட்டுமே இறக்கும். ஐமேப் முறைக்கு மாறினால் எல்லாப் பெட்டிகளும் தெரியும்.

ஐந்தாவது, எரிதப் பெட்டியைப் பார்ப்பதற்கு ஒரு நாள் குறியுங்கள். ஜிமெயிலில் எரிதப் பெட்டியில் உள்ளவை 30 நாட்களில் தாமாக அழிந்துவிடும். நம் கோடை விடுமுறை அதைவிட நீளம். விடுமுறையின் முதல் வாரத்தில் எரிதப் பெட்டியில் விழுந்த கடிதம், பள்ளி திறக்கும் நாளில் இருந்த சுவடே இருக்காது. ஆகவே திங்கள்தோறும் ஒருவர் பார்க்க வேண்டும். விடுமுறையிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். யார் பார்ப்பது என்று பெயர் எழுதி வையுங்கள். எல்லோருடைய வேலையும் ஒருவருடைய வேலையும் ஆகாது.

ஆறாவது, நம்பிக்கைப் பட்டியல். இவரிடமிருந்து வருவதை எரிதத்தில் போடாதே என்று வடிகட்டியிடம் சொல்லலாம். துறை அலுவலகங்கள், தேர்வுத் துறை, வங்கிக் கிளை ஆகியவற்றின் முழு முகவரிகளை அதில் சேருங்கள். ஒருவருடைய கடிதம் வரவில்லை என்பதற்காக ஜிமெயில் முகவரிகள் அனைத்தையும் சேர்த்துவிடாதீர்கள். அது வாசற்கதவைக் கழற்றி வைத்த கதையாகிவிடும்.

வடிகட்டியால் முடியாதது

இவ்வளவு செய்தும் ஒரு வகைக் கடிதம் உள்ளே வரும். உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரின் கணக்கே திருடப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வரும் கடிதம் மூன்று சோதனையிலும் தேறும். ஏனென்றால் வழங்கி உண்மை, முத்திரை உண்மை, முகவரியும் உண்மை. எழுதியவர் மட்டும்தான் பொய். இன்னொரு வகை, பெயர் மட்டும் உயர் அலுவலருடையதாகவும் முகவரி வேறாகவும் வருவது. கைப்பேசித் திரையில் பெயர்தான் தெரியும், முகவரி மறைந்திருக்கும். "நான் கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது, உடனே இதைச் செய்யுங்கள்" என்று எழுதியிருக்கும். உயர் அலுவலர் கேட்கிறார் என்றால் நாம் தயங்குவோம், திருப்பிக் கேட்க மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பணிவைத்தான் அவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

இதற்கு மூன்று பழக்கங்கள் போதும். பணம், கடவுச்சொல், ஒருமுறைக் கடவுச்சொல், மாணவர் விவரப் பட்டியல் ஆகிய நான்கில் எதைக் கேட்டாலும், ஏற்கெனவே நம்மிடம் உள்ள எண்ணில் அழைத்துப் பேசிவிட்டே செய்வது. கடிதத்தில் கொடுத்திருக்கும் எண்ணில் அழைப்பதில் பயனில்லை. இரண்டாவது, எல்லாக் கணக்குகளுக்கும் இரு படிச் சரிபார்ப்பை இயக்குவது. மூன்றாவது, சந்தேகமாக இருந்தால் கூச்சப்படாமல் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவது. ஐயத்தோடு அழைத்துக் கேட்கும் ஆசிரியரைக் கடிந்துகொள்ளாதீர்கள் என்று தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒருமுறை கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர் கேட்க மாட்டார்.

பணம் போய்விட்டது என்றால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

நாம் அனுப்புவதும் எரிதமாகலாம்

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பெற்றோர் 300 பேருக்கு ஒரே நேரத்தில் பெரிய எழுத்தில், சிவப்பு வண்ணத்தில், ஐந்து வியப்புக்குறியோடு, இணைப்பை மட்டும் வைத்து ஒரு கடிதம் அனுப்பினால், அவர்கள் பக்கத்து வடிகட்டி நம்மையே எரிதம் என்று முடிவு கட்டும். இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்பவும் முடியாது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு நான் சொன்ன மூன்று பதிவுகளையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. பள்ளிக்கு எளிய வழி இதுதான்: தெளிவான தலைப்பு, கடிதத்திலேயே செய்தி, வகுப்புவாரியாகப் பிரித்து அனுப்புதல், பெற்றோரின் முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரியாதபடி மறைநகல் முறை. கடைசியாகச் சொன்னது நாகரிகமும் கூட.

வகுப்பறைக்கு

இதை வகுப்பிற்கும் கொண்டுபோகலாம். நடுநிலை வகுப்பில் பத்து மாதிரிக் கடிதங்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, எது நம்பத்தக்கது, எது இல்லை, ஏன் என்று குழுவாகப் பிரித்துப் பேசச் சொல்லுங்கள். விடையை விட 'ஏன்' முக்கியம். நீங்கள் எதிர்பாராத காரணங்களைப் பிள்ளைகள் சொல்வார்கள். மேல்நிலை வகுப்பில் அதே கடிதங்களில் சொற்களை எண்ணச் சொல்லி, பேயீஸ் தேற்றத்தில் இட்டுப் பார்க்கலாம். தொடக்க வகுப்புக்குக் கணினியே வேண்டாம்: "தெரியாதவர் உன் அம்மா அனுப்பியதாகச் சொன்னால் என்ன செய்வாய்?" என்ற ஒரு கேள்வி போதும். வீட்டில் கைப்பேசியைக் கையாளத் தெரிந்தவர் பல குடும்பங்களில் நம் மாணவர்தான். அவர்களுக்குச் சொன்னால் வீட்டுக்கே சொன்னது போல.

நிறைவாக, நாளை பள்ளிக்குச் சென்றதும் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். பள்ளியின் ஒவ்வொரு கணக்கிலும் எரிதப் பெட்டியைத் திறந்து, கடந்த 30 நாட்களில் விழுந்தவற்றின் தலைப்புகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். அடுத்ததாக, மீட்பு எண் யாருடையது என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும். மற்ற அமைப்புகளை இந்த மாதத்துக்குள் செய்துகொள்ளலாம். ஐயம் இருப்பவர்கள் இடைவேளையில் வாருங்கள், உங்கள் கணக்கைத் திறந்தே பார்த்துவிடுவோம்.